நான் தாண்டிய ஆறு நிமிடம்

பழைய டிவிடி உறையைத் திறந்தபோது என் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு விழுந்தது. “52 முதல் 58 வரை தாண்டவும்.” கீழே சிவப்பு மையில் அளவுகோல் வைத்துப் போட்ட அடிக்கோடு. நீங்கள் இருந்தால் முதலில் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் சிரித்திருப்பீர்கள், சிஸ்டர்.

அபுதாபியில் எங்கள் ஃபிளாட் ஹாலில் வெள்ளிக்கிழமை மதியம் படம் போடுவோம். குடும்பங்கள் பிள்ளைகளோடு வரும். முந்தைய நாளே முழுப் படத்தையும் பார்த்து, பிள்ளைகளுக்கு ஆகாத இடங்களை நான் குறித்துவைப்பேன். அந்த இடம் வந்ததும் ரிமோட்டை அழுத்துவேன். உங்களைத் தவிர யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அது கறுப்பு வெள்ளைக் கிரேக்கப் படம். பகைவர் படை பிடித்துக்கொண்ட தீவு. மீனவ விதவை ஒருத்தி காயம்பட்ட வீரனையும், ஒரு யூதப் பெண்ணையும், ஆர்மீனிய அகதியான தையற்காரியையும் தன் வீட்டில் ஒளித்துவைக்கிறாள். கடைசியில் மூவரையும் படகில் ஏற்றி அக்கரை சேர்க்கிறாள். அவள் வீடு திரும்புவதில்லை. நான் தாண்டிய ஆறு நிமிடத்தில் அவளும் வீரனும் கட்டிலில் இருந்தார்கள். படம் முடிந்ததும், “பாவம், அந்தப் பொம்பளைய படகோட்ட வச்சுப் பலி குடுத்துட்டானே” என்றார்கள் வந்தவர்கள். நீங்கள் டிவிடியை இரவல் கேட்டீர்கள்.

இரண்டு நாள் கழித்து, டூட்டி முடிந்த நர்ஸ் சீருடையோடு வாசலில் நின்றீர்கள்.

“சார், அந்தக் கட்டில்ல உக்காந்துதான் அவ சொல்லுதா, ‘படகு என்னோடது, நான் போறேன்’னு. அவன் வேண்டாம்னு கெஞ்சுதான். நீங்க அத வெட்டிட்டு, அவள அவன் ஏவுன ஆளாக்கிட்டீங்களே!”

“பிள்ளைங்க இருந்தாங்க, சிஸ்டர்.”

“பிள்ளைங்களுக்குத்தான் சார் அது தெரியணும்.” பிறகு சிரித்தீர்கள். “அந்த வீடு எங்க வார்டு மாதிரியே இருக்கு. ஒருத்தி பேசுறது இன்னொருத்திக்குப் புரியல்ல. கஞ்சி மட்டும் எல்லாருக்கும் போகுது.”

கொரோனா வந்த முதல் வருடம், ஊருக்குப் போகும் சிறப்பு விமானத்தில் உங்களுக்கு இடம் கிடைத்தது. லீவும் கிடைத்தது. அன்று மாலை போன் செய்தீர்கள்.

“நாந்தான் வேண்டாம்னுட்டேன் சார். வார்டுல, வீட்டு வேலைக்கு வந்த எத்தியோப்பியாப் பிள்ள ஒண்ணு என் கைய விட மாட்டேங்குது.”

நீங்கள் ஏன் போக வேண்டும் என்று காரணங்களை வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டீர்கள்.

“சொல்லி முடிச்சாச்சா சார்? படகு என்னோடது.”

அடுத்த மாதம் அதே வார்டில் நோயாளியாகப் படுத்தீர்கள். எழவில்லை.

முசஃபா தொழிற்பேட்டையில் வெல்டராக இருக்கும் உங்கள் தம்பி, முதல் நினைவு ஜெபத்தில் எல்லோர் முன்பும் சொன்னார்: “லீவு கேட்டா அக்கா. ஆஸ்பத்திரிக்காரங்க விடல்ல. அப்படித்தானே சார்?” நான் தலையாட்டினேன். அடுத்த வருடமும் ஆட்டினேன். அதற்கு அடுத்த வருடமும்.

இந்த வருடம் நினைவு அட்டைக்கு நான்கு வரி எழுதித் தரச் சொன்னார். எழுதும்போதுதான் பழைய பொருள்களைக் கிளறினேன், அந்தத் துண்டுச்சீட்டு விழுந்தது. மூன்று தாள் கிழித்த பிறகு இப்படி எழுதி, போனில் படித்தேன்: “ஊருக்குப் போக இடம் கிடைத்தும், தானே வேண்டாமென்று பணியில் நின்றார்.”

தம்பி இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

“பிளைட்டுல சீட்டு கெடச்சுதா சார்?”

“கெடச்சுது, தம்பி.”

“அக்கா எங்கிட்ட சொல்லல்லியே…”

இத்தனை வருடமும் அந்த ஆஸ்பத்திரி மீதிருந்த கோபம்தான் அவருக்குப் பிடிமானம். ஒரே வரியில் அதைப் பிடுங்கிவிட்டேன். அவர் அழுவதைக் கேட்டபோது, அந்த வரியை அடித்துவிடலாமா என்று பேனாவைக்கூட எடுத்தேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும்.

கடைசியில் அவரே சொன்னார்: “அந்த வரி இருக்கட்டும் சார். அவ அப்படித்தான்.”

செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. தம்பியிடம்கூடச் சொல்லாததை என்னிடம் ஏன் சொன்னீர்கள் என்றும் தெரியவில்லை. இது வெட்டுகிற கை என்று தெரிந்துதானே, சிஸ்டர், அதை என் கையில் கொடுத்தீர்கள்?