ஒரே தொட்டியில் ரெண்டு ராஸ்

அம்மாவுக்கு மகேஷ் எழுதுதேன். முழங்கால் வலி தேவலையா? போன்ல பேசினா பக்கத்துல உங்க மருமக சுப்ரஜா இருப்பா, அதான் கடிதாசி.

இங்கன முதலாளி வீட்டுப் பவளப்பாறை மீன் தொட்டியில ராஸ்னு ஒரு கலர் மீனைப் புதுசா விட்டேன். ஏற்கெனவே உள்ள ஒரு ராஸ் இருக்கு. ஒரே இனம்தானே, ஒத்துப்போயிரும்னு நினைச்சுட்டேன். பழசு விடாம துரத்திக் கொத்த, புதுசு வெளிய துள்ளித் தரையில விழுந்துட்டு. அள்ளி விட்டேன், உசிர் இருக்கு. இப்ப தொட்டிக்குள்ளயே அதுக்குத் தனியா ஒரு கண்ணாடிப் பெட்டி. பழசு இன்னும் பெட்டியையே சுத்துது.

சுப்ரஜாவையும் சொந்தம்தானே, ஒத்துப்போயிருவீங்கன்னு அங்கன உங்ககூட விட்டுட்டு வந்துட்டேன். சேரன்மகாதேவி ஆசாரியைக் கூப்பிட்டு, எங்க ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கம்மா. அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை.

முதலாளி கூப்பிடுதாரு.

மகேஷ்