தோள் பட்ட இடம்

ஹவுன்ஸ்லோ,
11.01.2025

அன்புள்ள பிரமிளாவுக்கு,

போனில் கதைக்கத் தொடங்கினால் சுகம் விசாரித்து முடிய முதல் சண்டை வந்துவிடுகிறது என்று ஆரணி கிளாஸ்கோவிலிருந்து சட்டம் போட்டிருக்கிறாள். "அம்மாவும் நீங்களும் இனிக் கடிதம் எழுதுங்கோ அப்பா. எழுதேக்கை கத்த ஏலாது." பெற்ற மகள் சொன்னால் தட்ட முடியுமா? கிறிஸ்மஸ் அட்டைக்கு வாங்கி மிஞ்சிய முத்திரையைத் தேடி எடுத்து எழுதுகிறேன்.

இங்கே நான் சுகம். விமான நிலைய ஊழியர் பஸ்ஸை அங்கும் இங்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பருப்பு வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. சட்டியை ஊறப்போட்டிருக்கிறேன். இன்னும் எவ்வளவு ஊற வேண்டும் என்று எழுதும்.

கொம்பியூட்டர் விளையாட்டுக்குப் படம் கீறப் படிக்க நாற்பத்தாறு வயதில் புறப்பட்ட முதல் பெண் நீராகத்தான் இருக்கும். ஒரே லண்டனுக்குள் நீர் கிழக்கே பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு அந்தலையில், நான் மேற்கே மற்ற அந்தலையில். வகுப்பு மார்ச்சில் முடியும் என்றீர். முடிந்ததும் வீட்டுக்கு வருவீரா, இல்லை சிவனேஸ்வரி அக்கா வீட்டு அறையிலேயே இருந்துவிடுவீரா? ஆட்கள் கேட்கிறார்கள். ஆட்களை விடும், நான் கேட்கிறேன்.

அன்புடன்,
பாலேந்திரா


பார்க்கிங்,
19.01.2025

அன்புள்ள ஆரணி அப்பாவுக்கு,

சட்டியை இனி ஊறப்போட வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

நான் வந்தது படிக்க மட்டுமல்ல, அது உங்களுக்கும் தெரியும். மகாலிங்கம் அண்ணை குடும்பம் சாப்பிட வந்த அன்று, நான் முதன்முதலாகக் கீறிய செங்கல் சுவரை டேப்லெட்டில் காட்டினேன். "வெளியிலை சும்மா நிக்குது சுவர். இவ உள்ளுக்கை இருந்து கீறுறா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்ன கீறுகிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விளையாட்டுக்குள் வருகிற வீடு, மரம், கிணறு எல்லாவற்றையும் முதலில் வேறு யாரோ வெறும் சாம்பல் உருவமாகச் செய்து தருவார்கள். அதற்குத் தோல் பூசுவது எங்கள் வேலை. போட்டோவை எடுத்து ஒட்டக்கூடாது, கையால்தான் பூச வேண்டும். அந்த உலகத்தில் சூரியன்கூட இல்லை. மேல் விளிம்பில் கொஞ்சம் மஞ்சள் இழுத்தால் வெயில் வரும், இழுக்காவிட்டால் வராது.

சொல்லித்தருகிற பிள்ளை ஜதுர்ஷிகா, ஆரணியை விட இரண்டு வயதுதான் மூப்பு. "அன்ரி, நிழலுக்குக் கறுப்பை எடுக்காதேங்கோ. அதுக்குள்ளையும் நிறம் இருக்கு" என்றாள். ஒரு கல்லின் வெடிப்புக்குள் நீலம் வைத்தேன். கல் குளிர்ந்துவிட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன், விரலால் தொட்டும் பார்த்தேன்.

இப்போது தெருவிலும் அப்படித்தான். பார்க்கிங் சந்தையில் மழைக்குள் நிற்கிறேன். கத்தரிக்காய்ப் பெட்டிகளும் கூடாரத் துணிகளும் நனைந்த நிலமும் யாரோ இப்போதுதான் பூசிவிட்டுப் போனது போல, கை வைத்தால் ஒட்டிவிடும் போல இருக்கின்றன. நித்திரையில் கூரை ஓடுகள் வருகின்றன. ஒவ்வொரு ஓட்டின் நுனியிலும் வெளிச்சம் வைத்துக்கொண்டே நடக்கிறேன், கூரை முடிவதே இல்லை. விழித்தபின்னும் கொஞ்ச நேரம் கால் சரிவில் நிற்பது போல இருக்கும்.

வருவேனா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் பொய்யாகிவிடும்.

அன்புடன்,
ஆரணி அம்மா


ஹவுன்ஸ்லோ,
27.01.2025

அன்புள்ள பிரமிளாவுக்கு,

பகிடி என்று நினைத்துத்தான் அன்று சொன்னேன். உமக்கு நொந்ததைக் கடிதம் வந்துதான் அறிந்தேன். மன்னியும்.

நிழலுக்குள் நிறம் என்று எழுதினீரே, சும்மா கதை என்றுதான் முதலில் நினைத்தேன். முந்தநாள் டெர்மினல் வாசலில் ஆட்கள் ஏறும்வரை நின்றபோது தெருவோரக் கல்லைப் பார்த்தேன். சாம்பல்தான். பிறகு கொஞ்சம் வெயில் வந்தது. பஸ்ஸின் நிழல் விழுந்த பக்கத்தைப் பார்த்தால், நீலம்! உள்ளே இருந்தவர்கள் புறப்படச் சொல்லிக் கத்துகிறார்கள். என்னோடு வேலை செய்கிற றஜீவன் வந்து, "என்ன அண்ணை, கல்லைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றான். "நிறம் பாக்கிறன்" என்றேன். கண் டொக்டரிடம் போகச் சொல்கிறான்.

மாலையில் இறங்குகிற விமானங்களின் வயிற்றிலும் ஒரு ரோசா நிறம் ஓடுகிறது. இத்தனை காலம் அதற்குக் கீழேதான் பஸ் ஓட்டினேன். அது தலைக்கு மேலே மிதந்து போகும்போது சத்தமே கேட்காதது போல இருக்கிறது.

உமக்கு ஓர் ஆச்சரியம் செய்துகொண்டிருக்கிறேன். இப்போது சொல்லமாட்டேன்.

அன்புடன்,
பாலேந்திரா


பார்க்கிங்,
08.02.2025

அன்புள்ள ஆரணி அப்பாவுக்கு,

நீலத்தைக் கண்டுவிட்டீர்களா! உங்கள் கடிதத்தைச் சிவனேஸ்வரி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "மனுசன் தேறிவருது" என்கிறார். எனக்கும் அன்று முழுக்கச் சந்தோசமாக இருந்தது.

வகுப்பு முடிய ஆளுக்கொரு வீடு பூசிக் காட்ட வேண்டும். நான் எங்கள் வீட்டையே எடுத்திருக்கிறேன். இதில் ஒரு விதி உண்டு. கை எங்கே படும், கால் எங்கே படும் என்று யோசித்து அந்த இடங்களைத் தேய்ந்ததாகக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது ஆள் இருந்த வீடாகத் தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். உங்கள் கதிரையின் கைப்பிடி வெளிறியிருக்கிறது. படியில் நீங்கள் பிடித்து ஏறுகிற இடம் வழுவழுப்பாக இருக்கிறது. ஆரணியின் கதவில் ஒட்டுப்படம் கிழித்த தடங்கள். என்னுடையது எங்கே? அடுப்புக்கு முன்னால் ஒரு துண்டு நிலம். அவ்வளவுதானா என்று அழுதுவிட்டேன்.

பிறகுதான் ஞாபகம் வந்தது. முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில், திரைச்சீலைக்குப் பின்னால், சுவரில் தோள் உயரத்தில் ஒரு மங்கல் இருக்கிறது. உங்கள் பின்னேர ஷிப்ட் முடியும்வரை நான் சாய்ந்து நின்ற இடம் அது. பஸ் தரிப்பில் உங்கள் தலை தெரிந்ததும் உள்ளே ஓடிப்போய் அடுப்பை மூட்டிவிடுவேன். அதனால் நீங்கள் ஒருநாளும் என்னை அங்கே கண்டிருக்கமாட்டீர்கள்.

அந்த நிறம் எனக்குக் கையில் வரவில்லை. திரையை விலக்கிப் பார்த்து, என்ன நிறம் என்று எழுதுங்கள். போட்டோ வேண்டாம், உங்கள் கண்ணால் பார்த்து எழுதுங்கள். வீட்டுக்கு வருவதா இல்லையா என்று அதை வாசித்துவிட்டுத்தான் முடிவெடுக்கப்போகிறேன்.

அன்புடன்,
ஆரணி அம்மா


ஹவுன்ஸ்லோ,
08.02.2025

அன்புள்ள பிரமிளாவுக்கு,

உம்முடைய பதில் இன்னும் வரவில்லை. ஆனால் எனக்கு வாய் நிற்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆச்சரியம் முடிந்தது! நானும் றஜீவனும் லீவு போட்டு வீடு முழுக்கப் பெயின்ற் அடித்துவிட்டோம். நீர் பொய்ச் சுவரில் பழகுகிறீர், நான் நிசச் சுவரில் பழகினேன். என் முதுகைக் கேட்டால் உம்முடையதுதான் நல்ல வேலை என்று சொல்லும்.

முன்னறைதான் வலு திறம். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு பெரிய ஊத்தை கிடந்தது. மழைத்தண்ணீர் ஊறியதாக்கும் என்று நன்றாக உரஞ்சி எடுத்து, மேலே இரண்டு பூச்சும் கொடுத்தேன். இப்போது சுவர் பால் மாதிரி இருக்கிறது. நீர் வந்து பார்த்தால் வேறு வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று நினைப்பீர்.

வாரும் பிரமிளா.

அன்புடன்,
பாலேந்திரா


ஹவுன்ஸ்லோ,
12.02.2025

பிரமிளா,

உம்முடைய கடிதம் நேற்று வந்தது. என்னுடையது அதற்குள் உமக்குக் கிடைத்திருக்கும்.

அது நீர் என்று எனக்குத் தெரியாது. நானே என் கையால் உரஞ்சினேன்.

நிறம் கேட்டிருக்கிறீர். என்னால் சொல்ல முடியவில்லை. ஊத்தை என்று மட்டும்தான் என் கண்ணுக்குப் பட்டது. றஜீவனைக் கேட்டேன். "தேத்தண்ணி நிறம் அண்ணை. நடுவிலை கொஞ்சம் மினுங்கினது" என்றான். அவன் பார்த்திருக்கிறான். நான் பார்த்ததாகவே எழுதியிருக்கலாம், உமக்குத் தெரியவராது. மனம் வரவில்லை.

வேலையால் வந்து அந்த இடத்தில் சாய்ந்து நின்றேன். பஸ் தரிப்பு அப்படியே தெரிகிறது. பஸ் வரும்போதெல்லாம் இறங்குகிற தலைகளைப் பார்த்தேன். நீர் வரமாட்டீர் என்று தெரியும், இருந்தும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கால் உளையத் தொடங்கிவிட்டது. நீர் எப்படித்தான் நின்றீர்? இன்றைக்கும் நின்றேன். சுவர் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

பாலேந்திரா


பார்க்கிங்,
09.03.2025

அன்புள்ள ஆரணி அப்பாவுக்கு,

பெயின்ற் கடிதம்தான் முதலில் வந்தது. வாசித்ததும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வந்த கோபத்தில் சாப்பிடவும் இல்லை, உங்களுக்கு எழுதவும் இல்லை. இரண்டாவது கடிதத்தை எடுத்து எடுத்து வாசித்தேன். பார்த்ததாகப் பொய் எழுதாமல் விட்டீர்கள். அதற்காகத்தான் இன்று பேனா எடுத்தேன்.

தேத்தண்ணி நிறம் சரி, றஜீவனுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் அதற்கடியில் கொஞ்சம் பச்சையும் இருந்தது, திரைச்சீலையின் பச்சை. பூசப்பூசத்தான் அது ஞாபகம் வந்தது. ஜதுர்ஷிகா கிட்ட வந்து பார்த்துவிட்டு, "அன்ரி, இந்த இடத்திலை ஆரோ நிண்டிருக்கினம் என்ன?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன்.

வீடு முடிந்தது. பட்டனை அழுத்தி அழுத்தி அதற்குள் நடந்தேன். எங்கிருந்து வருகிறதென்று தெரியாத ஒரு மாலை வெயில் எல்லாவற்றிலும் இருந்தது. ஜன்னலடிக்குப் போனேன். வெளியே நான் ஒன்றுமே பூசவில்லை. தெரு இல்லை, பஸ் தரிப்பு இல்லை, வெறும் சாம்பல். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் வர இருக்கவில்லை. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

அந்த வீட்டைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு சின்னக் கேம் கொம்பனி என்னை வேலைக்கு எடுத்திருக்கிறது. அறையை விடப்போவதில்லை. இதை உங்கள் மேல் உள்ள கோபத்தில் எழுதவில்லை, கோபம் போய்விட்டது. திரும்பி வந்தால் நான் அந்த ஜன்னலடிக்குத்தான் போவேன், என் கால் தன்பாட்டில் போகும். எனக்கு அது இனி வேண்டாம்.

நீங்களும் அங்கே நிற்காதீர்கள். அது நல்ல இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஓய்வுதானே. ரயில் ஏறி வாருங்கள். சமைத்து வைத்திருக்கமாட்டேன், வெளியில் சாப்பிடுவோம். ஸ்டேஷனுக்கும் வரமாட்டேன், வாசலில் நின்று பார்த்துக்கொண்டும் இருக்கமாட்டேன். நான் உள்ளே வேலை செய்துகொண்டிருப்பேன். வந்து கதவைத் தட்டுங்கள்.

பிரமிளா