ஃபுளோரிடா தலைவரும் என் பிச்சிக்கொடியும்

2004 ஜூன் 6
பிச்சிக்கொடி ஆறடி ஏறிவிட்டது. பூ? ஒன்றுகூட இல்லை. இலை வேறு மஞ்சளாகிறது. அப்பா இன்று கெடு வைத்துவிட்டார். "ஏட்டி காளீஸ்வரி, ஆவணி பொறக்கட்டும். பூக்கலன்னா பாத்திய சிமென்ட் போட்டு மூடி வண்டிய நிப்பாட்டுதேன்." ரெண்டு வருசமா நான் கொத்தின பாத்தி!

ஜூன் 8
பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம். இன்டர்நெட் தோட்டக் குழுவில், நான் தலைவர் என்று கொண்டாடும் ஜிம் பதில் போட்டிருக்கிறார்! ஃபுளோரிடாவிலிருந்து, எனக்கே எனக்கு! வேருக்குத் தாகமாம், தினமும் தாராளமாக ஊற்ற வேண்டுமாம். பிரின்ட் எடுத்து பீரோவில் ஒட்டியாயிற்று.

ஜூன் 19
பாத்தியைச் சுற்றி மண் வெடித்துக் கிடக்கிறது, தாகமேதான். தினம் நாலு குடம். "குடிக்கவே எட்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வருது, இவ கொடிக்கு அபிஷேகம் பண்ணுதா" — அம்மா.

ஜூன் 27
இலை கொட்டுகிறது. தலைவரைக் கேட்டேன். இன்னும் கூட்டச் சொன்னார். கூட்டினேன்.

ஜூலை 3
போச்சு. எல்லாம் போச்சு. பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாயக்கா வெள்ளாடு சுவத்து ஒடசல் வழியா உள்ள பூந்து கொடியத் தின்னுட்டு. முழங்கால் உயரத்துக்குக் குச்சிதான் மிச்சம். அழுதுக்கிட்டே போய்க் கேட்டா, "ஏட்டி, என் ஆட்டுக்கு வயித்தால போவுது. கொடியில என்னத்தப் போட்டு வச்ச?"ங்கா. நானா பதில் சொல்லணும்? இனி ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்.

ஜூலை 4
ஊற்றவில்லை.

ஜூலை 21
குச்சியைப் பிடுங்கிவிடலாமென்று தோண்டினேன். மேலே பாளம் பாளமாக வெடிப்பு. ஒரு சாண் கீழே ஈரம் — பதினெட்டு நாள் கழித்தும்! அப்படியானால் கொடி தாகத்தில் வாடவில்லை, மூழ்கிக்கொண்டிருந்தது. சென்டருக்கு ஓடிப்போய்த் தலைவரின் பழைய பதிவுகளைப் புரட்டினேன். அவர் வீட்டுத் தோட்டம் கடற்கரை மணல். மணல்! ஊற்ற ஊற்ற வடிந்துவிடும். என் மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும் கரிசல் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.
குச்சியில் பச்சையாக இரண்டு துளிர். பிடுங்கவில்லை.

ஆகஸ்ட் 14
மொட்டு! பதினேழு! இரண்டு தடவை எண்ணிவிட்டேன். முழங்கால் உயரக் குச்சி துளிர்த்து மொட்டு விட்டது என்று குழுவில் போட்டதும் தலைவரே எழுதினார், இப்படி அடியோடு கவாத்து செய்ய அசாத்தியத் துணிச்சல் வேண்டுமாம். எதைக் கொண்டு வெட்டினாய் என்று இன்னொருவர் கேட்கிறார். நன்றி மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 17
ஆவணி ஒன்று. கொத்தனார் சாமித்துரை அண்ணாச்சி சிமென்ட் மூட்டையோடு வந்துவிட்டார். அப்பா வாசலிலேயே மறித்தார். "பாத்தி கெடக்கட்டும் அண்ணாச்சி. பூத்துட்டு. எம் மக கம்ப்யூட்டர்ல படிச்சு வளத்தது."
"அப்ப நான் திரும்பிப் போவவா?"
"வந்தது வந்துட்டிய, அந்தச் சுவத்து ஒடசல அடச்சிருங்க. அது வழியாத்தான் ஆடு வருது."
 கலவை குழைக்கத் தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.