கைகழுவும் குழாயும் என் குறட்டையும்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு, நான் திடமாக இருக்கிறேன். உன் உடம்பு எப்படி? நான் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதுகிறார்.

நான் பெருக்கித் துடைக்கும் பெண்கள் வார்டில் கைகழுவக் குழாய் வைத்த பிறகு, ஆபரேஷன் ஆனவர்களுக்குக் காய்ச்சல் பாதியாகக் குறைந்தது. எல்லா வார்டுக்கும் குழாய் கேட்க டாக்டரம்மா அறிக்கையோடு கிளம்பினார்.

"அம்மா, குழாய் வெச்ச மூணாம் நாளே ரொம்ப முடியாதவங்களைப் புதுக் கட்டடத்துக்கு மாத்துனீங்களே, காய்ச்சல் அதனாலகூடக் குறைஞ்சிருக்கலாமே" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "பெரியவரே, என் ஆராய்ச்சியையே பெருக்கித் தள்ளிட்டீங்களே!"

"ஆம்பளைங்க வார்டுலயும் அன்னைக்கேதான் மாத்துனீங்க. அங்க குழாய் வைக்கல. அங்க எவ்வளவு குறைஞ்சுதுன்னு பாருங்க."

பார்த்தார். அங்கே கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மேலதிகாரி மறுபேச்சில்லாமல் எல்லா வார்டுக்கும் குழாய் கொடுத்துவிட்டார்.

உன் தலையணை உறை ஒன்று அனுப்பு. இங்கே கொடுத்தது சொரசொரக்கிறது.

நான் கிளம்பியதிலிருந்து நன்றாகத் தூங்குவதாகச் சொல்லியனுப்பியிருந்தாய். என் குறட்டை ஒழிந்ததால்தான் என்று முடிவு கட்டாதே. என் தம்பியும் என்னைப்போலவே குறட்டை விடுபவன், ஊரிலேயே இருக்கிறான். அவன் மனைவிக்கும் இப்போது நல்ல தூக்கமா என்று விசாரி. ஆமென்றால், மழைக் குளிர்தான் காரணம்.

நர்ஸம்மாவைக் கூப்பிடுகிறார்கள். தம்பி மனைவிக்கு நல்ல தூக்கமில்லை என்றால் மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்