குளிர்தொட்டிக்கு ஒரு சென்சார்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் தூறல். எங்கள் மலையூர்ப் பால் சென்டரின் குளிர்தொட்டியில் நான் செய்து போட்ட சென்சார் இன்றும் நான்கு டிகிரி காட்டியது. கம்பெனியின் சென்சார் கெட்டு, புதியது வராததால் நானே செய்தது. அரிசி அளவு சென்சார், இரண்டு வயர், ஒரு ஸ்டீல் குழாய், வாயை அடைக்கப் பசை. சென்டரை நடத்தும் கலைவாணி அக்கா, இனிப் பால் கெடாது என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். கேட்டதிலிருந்து உட்கார முடியவில்லை. அவ்வளவு நம்ப வேண்டுமா?

ஜூலை 11, வெள்ளி

போய்விட்டது. தொட்டிப் பால் முழுக்க ஐஸ்.

சென்சாருக்குள் தண்ணீர். அது சூட்டைக் கூட்டிக் காட்ட, குளிரூட்டும் மெஷின் நிற்காமல் ஓடியிருக்கிறது. லாரிக்காரர் எடுக்க மறுத்துவிட்டார். பால் ஊற்றியவர்கள் திட்டவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா மட்டும், "நல்லாத்தானே இருந்துச்சு, இன்னா ஆச்சு?" என்றார்.

இன்னா ஆச்சுன்னு எனக்கே தெரியல. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?

ஜூலை 12, சனி

வாணியம்பாடியிலிருந்து ஷாரிக் அண்ணன் போன் செய்தார். மலையில் கிடந்தது போதும், ஷூ கம்பெனியில் வேலை இருக்கிறது, இறங்கி வா என்றார். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன — பையில் பாதித் துணி வைத்தாகிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

குழாயை அறுத்துப் பார்த்தேன். வயரும் பசையும் சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி. உள்ளே காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர். தொட்டியைத் தினமும் வெந்நீரில் கழுவுகிறோம், உடனே பச்சைத் தண்ணீர். சூட்டில் விரிந்த காற்று, குளிர்ந்து சுருங்கும்போது ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக. நான் பச்சைத் தண்ணியில மட்டும் ஊறவச்சுப் பார்த்துட்டுப் போதும்னு விட்டிருக்கேன்.

ஜூலை 20, ஞாயிறு

புதிதாக மூன்று சென்சார் செய்தேன். பசை பிடிக்கும்படி, வயரின் வழவழப்புப் போக உப்புத்தாளால் தேய்த்தேன். பசையை லேசாகச் சூடாக்கி, ஊசியால் அடியிலிருந்து நிரப்பினேன், குமிழ் ஒன்றும் நிற்காதபடி. பிறகு கொதிநீர், ஐஸ், கொதிநீர், ஐஸ். இரண்டு செத்தன. மூன்றாவது தாங்குகிறது. எத்தனை நாளைக்கு?

ஜூலை 28, திங்கள்

அந்த மூன்றாவது சென்சாரை அக்காவிடம் கொண்டுபோய், முன்பு தவறு எங்கே என்று சொன்னேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இதுவும் போச்சுன்னா நா யார் வூட்டு வாசல்லயும் போய் நிக்க முடியாது."

வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"மொதல்ல எங்க வூட்டுப் பால மட்டும் ஊத்துறேன்."

ஆகஸ்ட் 9, சனி

அண்ணனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் பையை இன்னும் பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

தொட்டி முக்கால் நிறைந்தது. சிலர் மட்டும் இன்னும் திரும்பி வராமல், கீழே செங்கத்திலிருந்து வரும் பால் வியாபாரியிடமே ஊற்றுகிறார்கள். இத்தனை நாளும் லாரி வந்தால், அக்கா கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பாலில் விட்டு, என் சென்சாரோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் பாலை அனுப்புவார். இன்று லாரி வந்தபோது வெளியே மாட்டுத் தீவனம் அளந்துகொண்டிருந்தார். எவ்வளவு காட்டுகிறது என்று அங்கிருந்தே கேட்டார்.

"நாலுங்கக்கா."

"சரி, பைப்ப தொறந்து வுடு."