சோறு மட்டும் கொண்டுவந்த நாள்

“வெஞ்சனம் இருக்கு, வா” என்று அன்று நான் உன்னிடம் சொல்லவில்லை. இன்று காலை கத்திரிக்காய் வதக்கினேன். ஒருத்திக்கு வேண்டியதைவிட அளவு கூடிவிட்டது. மூடியைத் திறந்ததும் எழுந்த வாசனையில் அந்த மூன்று வார்த்தைகளும் நாக்கில் வந்து நின்றன.

திண்டுக்கல் நூலகத்தில் அரசுத் தேர்வுக்குப் படித்த இரண்டு வருடமும் நமக்குள் ஒரே ஒப்பந்தம்தான். சேவுகம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் நீ இருவருக்கும் சோறு கொண்டுவருவாய். டவுனில் இருக்கும் நான், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இருவருக்கும் வெஞ்சனம். சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

சண்டை வந்தது இராக்கைப் பற்றி. நாம் நடை பழகிய காலத்தில் நடந்த போர். அமெரிக்கா படையெடுத்தது, பிரிட்டன் கூடப் போனது, பிரான்சும் ஜெர்மனியும் மாட்டோம் என்றன. மறுத்ததுதான் சரி என்றேன் நான்.

“சரிதான்டி. ஆனா அம்புட்டு வருஷக் கூட்டாளி. ஊருக்கு முன்னாடி முறிச்சுக்கிட்டா, நாளைக்கு அவன் காதுல யாரு போய்ச் சொல்றது?”

நம்மோடு படித்த குழு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. “உனக்குக் கூட நிக்கத்தான் தெரியும், யோசிக்கத் தெரியாது” என்றேன். நீ பேனாவை மூடினாய்.

மறுநாள் நீ என்னோடு சாப்பிட மாட்டாய் என்று நினைத்து, சோறும் சேர்த்துக் கட்டி வந்தேன். நீ திறந்த டப்பாவில் இருவருக்கான சோறு மட்டும் இருந்தது. என் டப்பாவைப் பார்த்தாய். பிறகு குழாய்த் தண்ணீரை ஊற்றி, உப்புக்கூட இல்லாமல் சாப்பிட்டாய். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து என் கத்திரிக்காயைத் தின்றேன்.

ஐந்தாம் நாள் நீயாக வந்து எதிரே உட்கார்ந்து, என் வெஞ்சனத்தில் கைவைத்தாய்.

“ஏ புள்ள, அந்த நாடுக சண்டை போட்டதைப் பத்திப் புத்தகம் புத்தகமா எழுதிருக்காய்ங்க. அப்புறம் எப்படிச் சேந்தாய்ங்கன்னு தேடிப் பிடிக்க வேண்டியிருக்கு. வா, நாமளே நோட்ஸ் எழுதுவோம்.”

நான் சொல்லச் சொல்ல நீ உன் நோட்டில் எழுதினாய். பிரான்சின் மேலிருந்த கோபத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உணவகத்தில் பிரெஞ்சு ஃபிரைஸுக்குச் சுதந்திர ஃபிரைஸ் என்று பெயர் மாற்றிய கதை வந்தபோது, “உருளைக்கிழங்கு என்னடி பண்ணுச்சு?” என்று மூச்சு முட்டச் சிரித்தாய். சில வருடங்களில் பழைய பெயர் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டது. யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. தலைவர்கள் ஒருவர் ஊருக்கு ஒருவர் போனார்கள். ஆப்கானிஸ்தான், ஈரானின் அணுத்திட்டம் என்று சேர்ந்து செய்யவேண்டியவை காத்திருந்தன.

“அம்புட்டுதான். அடுத்த வேலைன்னு ஒண்ணு இருக்கணும்” என்றாய்.

“அன்னைக்கு நான் சொன்னது…” என்று தொடங்கினேன்.

“அதை விடு. அடுத்த பாயிண்ட்டைச் சொல்லு.”

இப்போதும் யாரோடாவது பேச்சு முறிந்தால், என் பக்கம் நியாயம் இருந்தாலும், உடனே எழுந்து போகாமல் சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடமிருந்து வந்த பழக்கம்.

அந்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. பத்தே நாளில் நீ போய்விட்டாய். காரியம் முடிந்தபின் உன் அம்மா அந்த நோட்டை என்னிடம் தந்தார். அதன் முதல் பக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். ‘சண்டைக்குப் பின் கூட்டாளிகள்’ என்ற தலைப்புக்குக் கீழே நம் இருவர் பெயரையும் எழுதித் தேதி போட்டிருந்தாய். அது, நீ சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்ட நாளின் தேதி.