ஊசிப்பாறைக் கோட்டையில் நாள்தோறும் தோண்டப்பட்ட விதைகள்

மழை வழுவாத வெண்ணாவல் நாட்டை ஒரு குடைக்கீழ் ஆண்டருளும், மூன்று ஆறுகளுக்குத் தலைவியும் ஏழு கோட்டைகளுக்கு உரியவருமாகிய கோப்பெருந்தேவி மணிநங்கையாரின் திருச்சமுகத்துக்கு, தோட்ட அமைச்சர் எயினி நிலம் தொட்டு வணங்கி வரைந்த ஓலை. தேவரீரின் நாடும் நகரும் குடியும் கொற்றமும் செழிக்க. இவ்விடத்தில் செழித்தது ஒன்றுமில்லை. அதைச் சொல்லவே இவ்வோலை.

வடவெல்லையில் காவல் நிற்கும் இக்கோட்டையின் வீரர்கள் பச்சைக் கீரையைக் கண்டு ஏழு திங்கள் ஆயிற்று என்பதும், ஈறு அழுகிப் பல் ஆடி ஒருவர் வாய்நாற்றத்தை ஒருவர் பொறுக்க மாட்டாது நிற்கிறார்கள் என்பதும் தேவரீர் அறிந்தவை. கொம்பூதி வேளியன் கொம்பை உதட்டில் வைத்தாலே குருதி கொட்டுகிறது. அக்கொம்பில் ஓசை எழுப்ப அவனையன்றி ஆளில்லை. அது ஒலிக்காவிடில், பகை வருவதை மலையடி ஊர்கள் ஏழும் அறிய வழியில்லை. ஆதலால் அன்றோ, ஏர் ஓட்ட இடமில்லாத இப்பாறையில், நான்கு முழச் சதுரத்தில் மண் நிரப்பிக் கயிறு கட்டிப் பதினாறு கட்டமாக்கி, கட்டத்துக்கொரு கீரை விதைக்கும் முறையை மூன்றே நாளில் கற்பித்து வருமாறு அடியாளைப் பணித்தருளினீர்கள்.

கற்பித்தேன். அதை எழுதவும் கை கூசுகிறது. கழுதைகள் சுமந்து வந்த மண்ணை நான் சலித்துப் புழுதியாக்கி வைத்தால், கோட்டைத் தலைவர் மாறங்கீரனார் அதன் நடுவே தம் இருக்கையைப் போடுவித்து அமர்ந்தார். அவருடைய மெய்க்காவலர் நால்வர் வெற்றிலைச் சாற்றைப் பாத்தியிலேயே துப்பினர். நடுக்கட்டம் எந்தப் பதவிக்கு உரியது என்று இரண்டு படைமுதலிகள் அரை நாள் வழக்காடினர். முழ அகலக் கட்டத்தில் பூசணி விதைக்கலாமா என்று ஒருவன் கேட்டான். கொடி படர இடம் போதாது என்று விளக்கிய பின், அப்படியாயின் இரண்டு விதை போடட்டுமா என்றான். விளங்கிற்றா என்று நான் கேட்டபோதெல்லாம் எல்லாத் தொண்டைகளும் ஒருசேர விளங்கிற்று என்றன. அதை நம்பி அடுத்த மலைக் காவலுக்குக் கற்பிக்கப் போனேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இருபத்தைந்தாம் நாள் திரும்பினேன். பாத்திகளில் ஒரு தளிர் இல்லை. மண்ணைக் கிளறினேன், விதை அழுகிக் கொழகொழவென்று விரலில் ஒட்டி நாறியது. வினவியபோது மாறங்கீரனார் பெருமிதத்துடன் உரைத்தது யாதெனில், தம் காவலில் உள்ள யாவும் நாள்தோறும் காலையில் எண்ணப்படும் என்பதும், ஆகவே விதைகளையும் விடியலில் தோண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டி, எண்ணி, மீண்டும் புதைப்பித்தார் என்பதும், இந்நாள்வரை ஒரு விதையும் தப்பி ஓடவில்லை என்பதுமாம். கடுகினும் சிறிய தண்டுக்கீரை விதையை, தேவி! சீச்சீ, இதற்கு மேல் என்ன எழுதுவது!

முளைத்தது ஒரே கட்டம். மடைப்பள்ளியில் நெல் குத்தும் சாத்தி என்பவள், வகுப்புக்கு அழைக்கப்படாதவள், உலக்கையோடு ஒதுங்கி நின்று கேட்டவள், உடைந்த மரத்தொட்டியில் கயிறு கட்டி விதைத்திருந்தாள். காவற்பட்டியலில் அவள் தொட்டி இல்லாமையால் எவரும் தோண்டவில்லை. எவ்வாறு வளர்த்தாய் என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. தண்ணி தெளிச்சேன், சும்மா விட்டேன்" என்றாள்.

செய்தி எட்டியதும் மாறங்கீரனார் தொட்டிக்கு மாலை சூட்டி, வேல்வீரர் இருவரை நிறுத்தி, இரு திங்கள் கழித்துத் தேவரீர் எழுந்தருளும் நாளில் காட்டுவதற்காக ஓர் இலையும் கிள்ளலாகாது என்று ஆணையிட்டார். கீரை முற்றத் தொடங்கியது. வேளியனோ அதன் எதிரே குந்தி, வாயில் துணியை அடைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தான். வேல்களை விலக்கி அடித்தாளை விட்டுவிட்டு அத்தனையும் அறுத்தேன், சாத்தி வேகவைத்தாள், வேளியன் நான்கு நாள் உண்டான்.

அரசுடைமையைத் திருடினேன் என்று மாறங்கீரனார் தனி ஓலை விடுத்திருப்பார். அது மெய். நான் இப்போது கோட்டைச் சிறையில் இருக்கிறேன். வேளியன் வாயில் குருதி நின்றது. கொம்பு இன்னும் ஒலிக்கவில்லை. அடித்தாளிலிருந்து துளிர்க்கும் அடுத்த கீரையும் அவன் வாய்க்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஒலிக்கும். ஆகவே தேவரீர் பிறப்பிக்க வேண்டிய ஆணையை நானே வரைந்து வைக்கிறேன், கைச்சாத்திட்டால் போதும். சாத்தியின் தொட்டிக் காவலை நீக்குக. வேளியன் முதலில் உண்க, தலைவர் கடைசியில் உண்க. இக்கோட்டையில் இனிக் கீரை வகுப்பைச் சாத்தி நடத்துக. மாறங்கீரனார் தரையில் அமர்ந்து கேட்க. மண்ணில் இட்டதைத் தோண்டுபவன் எப்பதவியினனாயினும் அன்றே மலையிறங்குக.

முத்திரை மோதிரத்தைப் பறித்துக்கொண்டார்கள். ஆகையால் ஈரமண் தொட்டு வைத்த என் பெருவிரற் குறியை முத்திரையாகக் கொண்டருள்க. தவிட்டுக் கூடையில் ஒளித்து இதனைச் சாத்தி அனுப்புகிறாள். தேவரீர் கொடி உயர்க, குடி தழைக்க.

மறுமொழியோடு ஒரு பிடி தண்டுக்கீரை விதையும் அனுப்பியருள்க. சிறைச் சாளரத்தில் உச்சிப்பொழுதுவரை வெயில் விழுகிறது, மூலையில் முழ அகலத்துக்கு மண் இருக்கிறது. காலையில் இங்கே என்னை மட்டுந்தான் எண்ணுகிறார்கள்.